புறா எடுத்துக்கொண்ட சொல்

அந்தக் காலத்தில் காட்டிலிருந்த உயிர்கள் எல்லாமே பேசும். பேச்சுக்கு ஒரு குறைவும் இல்லை. ஆனால் அவை எழுப்பும் சத்தத்துக்குத்தான் பெயர் இல்லாமல் இருந்தது. யானை எழுப்பினாலும் சத்தம், எலி எழுப்பினாலும் சத்தம். "அந்தப் பக்கம் யாரோ சத்தம் போடுறாங்க" என்பதற்கு மேல் யாராலும் ஒன்றும் சொல்ல முடியாது. அப்படி யாரோ சொன்னதைக் கேட்டு, தன் அம்மாதான் கூப்பிடுகிறாள் என்று ஓடிய ஒரு மான்குட்டி, நேராகப் போய்ப் புலியின் முன்னால் நின்றது. பிறகு அது வீடு திரும்பவில்லை.

இதைப் பார்த்துக் கடவுளுக்கு மனசு தாங்கவில்லை. ஒரு பனையோலைப் பெட்டி நிறையச் சொற்களை வைத்துக் காட்டுக்கு அனுப்பினார். சொற்கள் எல்லாம் தானியம் மாதிரி மணி மணியாக இருந்தன. ஒவ்வொரு சொல்லுக்கும் மூன்று மணி. நடந்து முடிந்ததற்குச் சிவப்பு மணி, நடந்துகொண்டிருப்பதற்கு வெள்ளை மணி, இனி நடக்கப்போவதற்குக் கறுப்பு மணி. மூன்றையும் விழுங்கினால் சொல் நமக்குச் சொந்தம். யானைதான் முதலில் விழுங்கியது. பிளிறியது, பிளிறுகிறது, பிளிறும் என்று அதன் குரலுக்கு மூன்று காலத்துக்கும் அப்போதே பெயர் வந்துவிட்டது.

பெட்டியைப் பிரித்துக் கொடுக்கும் வேலையைக் கொக்கு ஏற்றுக்கொண்டது. நாள் முழுக்க ஒற்றைக் காலில் அசையாமல் நிற்குமே, அதைப் பார்த்து நல்ல பொறுமைசாலி என்று காடே நம்பியது. மீன்களைக் கேட்டிருந்தால் வேறு மாதிரி சொல்லியிருக்கும். யாரும் கேட்கவில்லை.

"பகிர்ந்து கொடு" என்பது மட்டும்தான் கடவுள் சொன்னது. மீதியெல்லாம் கொக்கு தானாகச் சேர்த்தது. குளத்தங்கரை மருத மரத்தடியில் வரிசையில்தான் நிற்க வேண்டும். ஒரு நாள்தான் பங்கீடு. அன்றைக்குச் சொல் வாங்காதவர்கள் மறுநாள் விடிந்தது முதல் வாயைத் திறக்கவே கூடாது. இரை எடுக்க மட்டும் திறக்கலாம். மீறினால் கூட்டைக் கலைத்துவிடப் பருந்தைக் காவலுக்கு வைத்தது.

அந்தக் காட்டில் ஒரு உசிலை மரத்தில் சாம்பி என்ற பெண் புறாவும் மணியன் என்ற அவள் கணவனும் குடியிருந்தார்கள். கூடு என்று பெயருக்குப் பத்துப் பன்னிரண்டு சுள்ளி. அதில் இரண்டு முட்டை. பொரிக்க இன்னும் இரண்டு நாள்தான் பாக்கி. வழக்கமாகப் பகலில் மணியன் அடைகாப்பான், மாலையில் சாம்பி வந்து மாற்றிக்கொள்வாள். பங்கீட்டு நாளன்று, "நீங்க வரிசைக்குப் போங்க, நான் பகலுக்கும் சேர்த்து உட்கார்ந்துக்கிறேன்" என்று அவனை அனுப்பிவைத்தாள் சாம்பி.

மணியன் விடியும்போதே போய்விட்டான். யானைக்கு அடுத்து அவன்தான் நின்றான். ஆனால் புறா இனத்துக்கே ஒரு பழக்கம் உண்டு. எதிரே யார் வந்தாலும் தலையைத் தாழ்த்தித் தாழ்த்தி வணங்கும். மயில் வந்தது. மணியன் வணங்கி, "தோகையை வச்சிக்கிட்டு எவ்வளவு நேரம் நிப்பீங்க, முன்னால போங்க" என்றான். மயில் போய் 'அகவு' என்ற சொல்லை வாங்கிக்கொண்டு, "இவ்வளவு சின்னச் சொல்லா? தோகை அளவுக்காவது இருக்க வேண்டாமா?" என்று முகத்தைச் சுளித்தது. கோழி வந்தது. "அக்கா, குழந்தைங்களோட நிக்கிறீங்களே, போங்க." அது 'கொக்கரி'யை வாங்கிக்கொண்டு போனது. குதிரை வந்தது, குரங்கு வந்தது, நரிகூட வந்தது. நரிக்கும் வணங்கி வழிவிட்டான். அந்தி சாயும்போது பின்னால் யாருமே இல்லை. முன்னால் கொக்கு மட்டும் நின்றது.

கொக்கு பெட்டியைக் கவிழ்த்துத் தட்டிக் காட்டியது. ஒரு மணிகூட விழவில்லை.

"எனக்கு?" என்றான் மணியன்.

"உனக்கு என்ன? நீதான் காலையிலேர்ந்து வாசல்ல நின்னு எல்லாரையும் உள்ளே அனுப்பினியே. கல்யாண வீடுன்னு நினைச்சுட்டியா?" என்றது கொக்கு. மரத்தின் மேலிருந்த குரங்குகள் சிரித்த சிரிப்பில் காய்கள் உதிர்ந்தன.

மணியன் வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னதும் சாம்பி திட்டவில்லை. "இங்க வந்து உட்காருங்க, முட்டை ஆறிடாம பார்த்துக்குங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு நேராக மருத மரத்துக்குப் பறந்தாள்.

"ஐயா, எங்களுக்கு ஒரு சொல் வேணும்."

"பெட்டி காலி. அடுத்த பெட்டி வந்தா பார்க்கலாம்."

"எப்போ வரும்?"

"மழைக்கு அப்புறம் வரலாம். வராமலும் போகலாம்."

"என் குஞ்சுங்க நாளை மறுநாள் வெளியே வரணும் ஐயா. ஓட்டுக்குள்ள இருக்கிறதுக்கு வெளியே ஒரு உலகம் இருக்குன்னு எப்படித் தெரியும்? அம்மா குரல் கேட்டாத்தான் எங்க குஞ்சு ஓட்டைக் கொத்தி உடைக்கும். கேக்கலைன்னா உள்ளேயே அடங்கிப்போயிடும். மழைவரைக்கும் அதுங்க காத்திருக்குமா?"

"அதுக்கு நான் என்ன பண்ணட்டும்? சட்டம்."

"யார் போட்ட சட்டம்?"

கொக்கு ஒரு காலை இறக்கி மறு காலைத் தூக்கிக்கொண்டது.

"பகிர்ந்து கொடுன்னுதானே கடவுள் சொன்னார்? கிடைக்காதவங்க வாயை அடைன்னு அவரா சொன்னார்?"

"மேலே இருக்கிறவர் ஒரு வார்த்தையில சொல்லிட்டுப் போயிடுவார். கீழே நடத்துறவனுக்குத்தான் பாடு தெரியும்" என்றது கொக்கு.

பக்கத்துக் கிளையில் இருந்த பருந்து சிறகைக் கோதிக்கொண்டே பேசியது. "இதோ பாரு சாம்பி. விடிஞ்சதுக்கு அப்புறம் நீ வாயைத் திறந்தா கூட்டைக் கலைச்சுடுவேன். எனக்கு அதுல ஒரு வருத்தமும் இல்லை. முட்டைன்னா எனக்கு ரொம்ப இஷ்டம்."

குளத்தில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த கழுதைக்குக் கேட்டுப் பொறுக்கவில்லை. அதற்குக் கிடைத்த சொல் 'கத்து'. நேரம் கழித்து வந்த ஆட்டுக்கும் அதிலேயே பாதியைக் கொடுத்திருந்தது. "தங்கச்சி, என் சொல்லுல நீயும் ஒரு பங்கு எடுத்துக்கோ" என்றது.

"ஒரு சொல்லுக்கு ரெண்டு பேருக்கு மேல கூடாது" என்றது கொக்கு உடனே.

சாம்பி கழுதையைப் பார்த்துத் தலை தாழ்த்தினாள். "உங்க மனசு பெருசு அண்ணே. ஆனா சத்தத்தைக் கேட்டுட்டு என் பிள்ளை உங்க பின்னாலயும் ஆட்டுக்குப் பின்னாலயும் ஓடிட்டா நான் எங்க போய்த் தேடுவேன்? அது எனக்குன்னு இருக்கணும்." பிறகு கொக்கின் பக்கம் திரும்பினாள். இந்த முறை தலை தாழவில்லை. "கேட்டுப் பார்த்தேன். இனிமே கேக்க மாட்டேன்."

வீட்டில் மணியன் கூனிக் குறுகி உட்கார்ந்திருந்தான். "எல்லாம் என்னாலதான்" என்றான். "வேற காட்டுக்குப் போயிடலாமா?"

"முட்டையை எதுல தூக்கிட்டுப் போவீங்க?"

"இல்லை... அடுத்த வருஷம் வேற முட்டை..."

சாம்பி அவனை ஒரு பார்வை பார்த்தாள்.

"இந்த ரெண்டும் அடுத்த வருஷத்துப் பிள்ளைங்க இல்லை. இந்த வருஷத்துப் பிள்ளைங்க" என்றாள் சாம்பி. "அதுங்களை நான் கூப்பிடத்தான் போறேன். எப்படின்னு இன்னும் தெரியலை. ஆனா கூப்பிடாம இருக்க மாட்டேன். வாயைத் திறந்தா கூடு போச்சு, திறக்கலைன்னா குஞ்சு போச்சு. ரெண்டையும் விட மாட்டேன்."

"அது எப்படிம்மா முடியும்?"

"தொண்டையைக் கொடுத்தவர் வழியையும் வச்சிருப்பார்."

முட்டைகளின் மேல் இறங்கி உட்கார்ந்து, கண்ணை மூடி, மனசுக்குள் வேண்டிக்கொண்டாள். 'சாமி, வரிசையில முதல் இடம் வேண்டாம். பெட்டியில பங்கு வேண்டாம். என் பிள்ளைங்களுக்கு நான் இருக்கேன்னு தெரிஞ்சா போதும்.'

விடிந்தது. காடு முழுக்கப் புதுச் சொல்லும் புதுப் பெருமையுமாக ஒரே அமர்க்களம். காகம் கரைந்தது, குதிரை கனைத்தது, குரங்கு அலப்பியது. உசிலை மரம் மட்டும் ஊமையாக நின்றது. சாம்பிக்குக் கீழே இரண்டு முட்டைக்குள்ளும் டொக் டொக்கென்று மெல்லிய தட்டல் ஆரம்பித்தது. கொஞ்சம் தட்டும், நிற்கும். அம்மா ஏதாவது சொல்வாளா என்று கேட்கிற மாதிரி நிற்கும். மறுபடி தட்டும். சாம்பி நெஞ்சை அழுத்தி அழுத்தி வைத்தாள். சூடு ஓட்டுக்குள் போனது. குரல் போகவில்லை. பருந்து இரண்டு முறை வந்து எதிர்க்கிளையில் உட்கார்ந்து, அவள் அலகையே பார்த்துவிட்டுப் போனது.

மாலைக்குள் ஒரு முட்டையில் தட்டல் தளர்ந்துவிட்டது.

மறுநாள் காலை, அந்த முட்டையில் தட்டல் நின்றே போனது. சாம்பி கழுத்தை வளைத்துக் காதை வைத்துக் கேட்டாள். ஒன்றும் இல்லை. மணியன் பக்கத்தில் நின்று அவளையே பார்த்தான். எதிர்க்கிளையில் பருந்து தயாராக உட்கார்ந்திருந்தது.

சாம்பியின் அடிவயிற்றிலிருந்து ஒரு குரல் கிளம்பியது. அழுகை கொஞ்சம், கோபம் அதைவிட அதிகம். அது மேலே ஏறி ஏறித் தொண்டைக்கு வந்தது. அவள் அலகை இறுக்கி மூடினாள். வந்த குரலுக்குக் கதவு சாத்தியிருந்தது. திரும்பிப் போகவும் அதற்கு மனமில்லை. கழுத்து உப்பியது. இன்னும் உப்பியது. கழுத்து இறகெல்லாம் சிலிர்த்து நின்றது. பிறகு அந்தக் குரல் தோல் வழியாகவும் இறகு வழியாகவும் கசிந்து வெளியே வந்தது. உருண்டையாக, கனமாக, பானையின் அடியில் கொதிக்கும் உலை மாதிரி வந்தது. நெஞ்சோடு ஒட்டியிருந்த முட்டைகள் இரண்டும் அதில் அதிர்ந்தன.

பருந்து பாய்ந்து வந்தது. "வாயைத் திறந்துட்டே!"

சாம்பி நிறுத்தவில்லை. தலையைத் தூக்கி, மூடிய அலகை அதன் கண்ணுக்கு நேராக நீட்டிக் காட்டினாள். பருந்து இந்தப் பக்கம் பார்த்தது, அந்தப் பக்கம் பார்த்தது. அலகில் ஒரு எறும்பு நுழைய இடமில்லை. ஆனால் சத்தம் வந்துகொண்டே இருந்தது.

"கொக்கய்யா! இங்க வாங்க! இவ என்னமோ பண்றா!" என்று பருந்து போட்ட கூச்சலில் கொக்கு மட்டுமல்ல, பாதிக் காடே உசிலை மரத்தடிக்கு வந்துவிட்டது.

கொக்கு மேலும் கீழும் பார்த்தது. "ஏமாத்துறா. யாரும் பார்க்காதப்போ திறந்து திறந்து மூடுறா. அவ அலகுல ஒரு துரும்பை வைங்க. திறந்தா விழுந்துடும். விழுந்தா கூடும் விழும்."

துரும்பு எடுக்க யாரும் போக வேண்டியிருக்கவில்லை. சாம்பி குனிந்து தன் கூட்டிலிருந்தே ஒரு சுள்ளியை உருவினாள். இருந்ததே பத்துப் பன்னிரண்டு. அதில் ஒன்றை உருவி அலகில் குறுக்காகக் கவ்விக்கொண்டு, கொக்கை நேராகப் பார்த்து, மறுபடி ஆரம்பித்தாள்.

கூட்டத்துக்கு வேடிக்கை பிடித்துவிட்டது. குரங்குகள் பல்லைக் காட்டி அவளைச் சிரிக்கவைக்கப் பார்த்தன. ஒன்று மணியன் மாதிரியே குனிந்து குனிந்து, "வாங்க வாங்க, முன்னால போங்க, என் சொல்லையும் எடுத்துட்டுப் போங்க" என்று நடித்துக் காட்டியது. பருந்து அவள் காதருகே வந்து, "அந்த முட்டை செத்துப்போச்சு சாம்பி. எனக்குக் கொடுத்துடு, நாத்தம் வரதுக்குள்ள" என்றது. சாம்பிக்குக் கண் கலங்கியது. சுள்ளி அசையவில்லை.

அப்போது டொக் என்றது ஒரு முட்டை. உயிரோடு தட்டிக்கொண்டிருந்த முட்டைதான். ஓட்டில் ஒரு கீறல் ஓடியது. கீறல் பிளந்து, ஈரமான சின்ன அலகு ஒன்று வெளியே எட்டிப் பார்த்தது.

எந்தத் தாய்க்கும் அந்த நேரத்தில் வாய் தானாகத் திறந்துவிடும். கொக்குக்கும் அது தெரியும். கழுத்தை நீட்டிக் காத்திருந்தது. பருந்து நகத்தை விரித்தது. துக்கத்தை அடக்கிய சாம்பிக்குச் சந்தோஷத்தை அடக்குவதுதான் பெரும்பாடாக இருந்தது. ஆனால் இன்னொரு முட்டை இன்னும் சும்மா கிடந்தது. அவள் சுள்ளியை இன்னும் இறுகக் கடித்துக்கொண்டு, உப்பிய கழுத்தை அந்த முட்டையின் மேலேயே சாய்த்து வைத்துக் கூப்பிட்டாள். நான் இருக்கிறேன், நான் இருக்கிறேன், வா, என்று விடாமல் கூப்பிட்டாள்.

வெயில் ஏறியது. கூட்டத்தின் சிரிப்பு ஒவ்வொன்றாக அடங்கியது. குரங்குகள்கூட வாலைச் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டன.

டொக்.

"கேட்டுச்சு! எனக்குக் கேட்டுச்சு!" என்று குதித்தது கழுதை. அதற்குத்தான் காது பெரிது.

டொக், டொக். ஓடு விரிந்தது. இரண்டாவது குஞ்சு, மூத்ததைவிட மெலிந்தது, கண் திறக்காமலே அம்மாவின் கழுத்துப் பக்கம் தலையைத் திருப்பியது. சாம்பி சுள்ளியை அலகிலிருந்து எடுத்துக் கூட்டில் செருகினாள். அதுவரை அது விழவில்லை என்பதைக் காடே பார்த்திருந்தது.

"இது என்ன சத்தம்?" என்றது காகம். "கூவலும் இல்லை, முனகலும் இல்லையே?"

"குனு குனுன்னு உருண்டு வருதுப்பா. குனுகுறா, அவ்வளவுதான்" என்றது கழுதை.

"அப்படி ஒரு சொல்லே கிடையாது!" கொக்கு சிறகை அடித்துக்கொண்டு கூச்சல் போட்டது. "பெட்டியில இருந்த சொல் எல்லாம் எனக்குத் தெரியும். இதுக்குச் சிவப்பு மணி எங்கே? வெள்ளை எங்கே? கறுப்பு எங்கே? மணி இல்லாத சொல் செல்லாது!"

இரண்டு நாளாக மூடிக்கிடந்த வாயைச் சாம்பி அப்போதுதான் திறந்தாள். பருந்து அசையவில்லை.

"காலையில குனுகினேன், நீங்க எல்லாரும் கேட்டீங்க. இதோ இப்பவும் என் நெஞ்சுக்குள்ள குனுகுறேன், என் பிள்ளைங்க கேக்குதுங்க. நாளைக்கும் குனுகுவேன். முடிஞ்சா நிறுத்திப் பாருங்க. மூணு காலமும் என்கிட்ட இருக்கு. மணி எதுக்கு ஐயா?"

"பெட்டியில இல்லாதது—"

"உங்க பெட்டியில இல்லை. என் தொண்டையில இருந்தது. பெட்டியை அனுப்பினவர்தான் தொண்டையையும் பண்ணினார். அவர்கிட்டப் போய்க் கேளுங்க, செல்லுமா செல்லாதான்னு."

கொக்கு நீட்டிய கழுத்தைச் சுருக்கிக்கொண்டது. கடைசியில், "சரி, வச்சுக்கோ. ஆனா இந்தக் காட்டுல வேற யாரும் அந்தச் சொல்லைத் தொட மாட்டாங்க. யார் வாயிலயும் வராது" என்று சாபம் மாதிரி சொல்லிவிட்டுப் பறந்துபோனது.

"வரவேண்டாம்" என்றாள் சாம்பி. "நான் இருக்கிறவரைக்கும் அதுக்கு ஒரு வாய் போதும். அதுவும் மூடின வாய்."

ரொம்ப நாள் கழித்து மனிதர்கள் வந்தார்கள். அவர்களுக்குச் சொல் போதவில்லை. காட்டில் ஒவ்வொருவரிடமும் போய் இரவல் கேட்டார்கள். கழுதை 'கத்து'வை அள்ளிக் கொடுத்தது. சேவல் 'கூவு'வைக் கொடுத்தது, அதை வாங்கிக்கொண்டு தெருத்தெருவாகக் கூவி விற்றார்கள். ஆந்தை 'அலறு'வைக் கொடுத்தது, பாம்பு 'சீறு'வைக் கொடுத்தது, புலி 'உறுமு'வைக் கொடுத்தது. பேருந்து வந்தபோது அதுவும் உறுமட்டும் என்று புலியின் சொல்லையே அதற்கும் மாட்டிவிட்டார்கள். கொடுத்த சொல் எல்லாம் ஊரெங்கும் வேலைக்குப் போயின.

உசிலை மரத்துக்கும் வந்து கேட்டார்கள்.

"இதுக்கு வாயை மூடிக்கணும். உங்களால முடியுமா?" என்றாள் சாம்பி.

அவர்கள் கொஞ்ச நேரம் வாயை மூடிப் பார்த்தார்கள். முடியவில்லை. "நாங்க சும்மா ஏட்டில எழுதி வச்சுக்கிறோம்" என்றார்கள்.

"எழுதிக்குங்க. எடுத்துட்டுப் போகக் கூடாது."

அப்படித்தான் அது பிள்ளைகளின் பாடத்தில் ஒரு வரியாக நின்றுபோனது. பரீட்சை முடிந்ததும் பிள்ளைகளும் மறந்துவிடுகிறார்கள், பெரியவர்களுக்குச் சொல்லவே வேண்டாம். புறா அதைப் பற்றிக் கவலைப்பட்டதே இல்லை. யாருக்குச் சொல் ஞாபகம் இருக்கிறது என்று கேட்டுவிட்டா அது குஞ்சைக் கூப்பிடுகிறது?

அன்று முதல்தான், மற்ற பறவைகள் எல்லாம் வாயைத் திறந்து குரல் கொடுக்கும்போது, புறா மட்டும் அலகை இறுக மூடிக்கொண்டு கழுத்தை உப்பிக் குனுகுகிறது. அந்தச் சொல்லும் வேறெங்கும் வேலைக்குப் போகாமல் அதன் கழுத்துக்குள்ளேயே குடியிருக்கிறது.